குவானாக்கோவின் வயிற்றில் இருந்தது

ஜூனில் காலை பத்து மணிக்குத்தான் விடியும்
எங்கள் பூண்டா அரேனாஸில்.
நண்டுக் காலம் பிறக்க இன்னும் மூன்று வாரம்.
படகு கரையில் கிடக்கிறது,
நான் வீட்டில் கிடக்கிறேன்.
இருட்டோடு இருட்டாக யாஸ்னா போய்விட்டாள்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு,
"ரொட்டிக்கு மாவு மிச்சம் வை" என்று
ஒரே ஒரு கட்டளையோடு.

வெளியே காற்று.
சும்மா காற்றில்லை.
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ஆள்கள் பிடித்து நடக்க.
பிள்ளைகளை இறக்கிவிட்டால்
ஜலசந்திக்கு அந்தப் பக்கம் போய்ப்
பொறுக்கி எடுக்க வேண்டியதுதான்.

ஐந்து வயது மைத்தே கேட்டாள்:
"இன்னிக்கு என்ன செய்யலாம்?"
மூன்று வயது எலியாஸும் அதையே கேட்டான்,
பதினோரு தடவை.

குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன்.
காலிப் பால் பெட்டி ஒன்று உருண்டு வந்து
பக்கவாட்டில் படுத்தது.
"உடம்பு" என்றாள் மைத்தே.
அப்புறம் எல்லாமே உறுப்புகளாகத் தெரிந்தன.

இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் கரைத்து
அடுப்பில் வைத்துக் கிண்டினேன்.
விரலை விட்டு நக்கிய எலியாஸ்
"உப்பில்லை" என்றான்.
போட்டேன்.
பசைக்கு உப்பு போடக் கூடாதென்று
யார் சொன்னது?

கழிப்பறைக் காகித உருளைகள் மூன்றுதான் இருந்தன.
நாலாவது தீரட்டும் என்று காத்திருக்க முடியாது,
அதற்கெல்லாம் யாரையும் அவசரப்படுத்தவும் முடியாது.
அட்டையைச் சுருட்டி ஒரு கால் செய்தேன்.
குட்டையாகிப் போனது.
"நொண்டுதே" என்றேன்.
"இல்லப்பா, காத்துல சாஞ்சு நிக்குது."

பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து ஒட்டினோம்.
கழுத்துக்கு என் ஒற்றைக் காலுறை.
கண்ணுக்கு ஜோடி சேராத இரண்டு பொத்தான்.
குடித்து முடித்த மாத்தே இலைச் சக்கையைப் பிழிந்து
முதுகுக்குப் பழுப்புச் சாயம்;
வயிறு மட்டும் வெள்ளையாக இருக்கட்டும் என்றாள்.
வெள்ளைத் தாள் எங்கிருந்து வந்தது என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.
எலியாஸின் முடியிலிருந்து
பசை உரித்துக்கொண்டிருந்தேன்.

யாஸ்னா திரும்பி வந்தாள்.
பார்த்தாள். "குவானாக்கோ!" என்றாள்.
யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டதில்
எங்கள் மூவருக்கும் தலைகால் புரியவில்லை.
பிறகு ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள்.
காந்தம் இருந்தது.
காந்தத்துக்கடியில் எதுவும் இல்லை.

"நிபால்தோ, கேஸ் பில் எங்கே?
நாளைக்குக் கடைசி நாள்."

எலியாஸ் மட்டும்
உண்மையான மனிதன்.
கையை நீட்டிக் காட்டினான்.

கத்திரிக்கோலை எடுத்தேன்.
மைத்தே குவானாக்கோவைக் கட்டிக்கொண்டு
வாய்விட்டு அழவில்லை,
மூக்கால் மூச்சுவிட்டாள்.
அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் மிருகத்தைக் கோட்டுக்குள் செருகி,
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மகள்,
கேஸ் அலுவலக வரிசையில் நின்றேன்.
கவுண்ட்டரில் எர்மினியா அம்மாள்.
எதுவும் பேசாமல் மல்லாக்கப் போட்டு,
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
பின்னங்காலிடுக்கிலிருந்து எண்ணை வாசித்தார்.
"ஏழா, ஒன்றா?"
"ஏழு" என்றாள் மைத்தே.
அவளுக்கு ஏழு தெரியும்.

பணத்தை எண்ணி வைத்தேன்.
முத்திரையை உயர்த்தியவர் நிறுத்தினார்:
"எங்கே குத்தட்டும்?"
மகள் யோசித்து
இடது தொடையைக் காட்டினாள்.
மெதுவாகத்தான் குத்தினார்.
எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து
"எந்தப் பண்ணையுது?" என்றார்.

இப்போது அது ஹீட்டருக்கு மேலே நிற்கிறது,
பணம் கட்டிய சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு.

அடுத்த பில் இன்று காலை வந்தது.
யாஸ்னா அலமாரியின் உச்சியில் வைத்திருக்கிறாள்.
மைத்தே நாற்காலியை இழுக்கிற சத்தம்.
அதற்கு ஒரு குட்டி வேண்டுமாம்.